மீனவர் அல்ல என்று நான் எழுதினேன்

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றது, அமைச்சர் வருகைக்குப் பந்தல் போட்டது, கலெக்டர் கூப்பிட்டுப் பாராட்டியது. அதெல்லாம் எனக்கும் உண்டு. எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் எழுதப்போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. படித்துவிட்டு உங்களுக்கும் கோபம் வந்தால் நல்லது.

வடசென்னையில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம். எது என்று கேட்காதீர்கள். நான் அங்கே வருவாய் ஆய்வாளர். சாதிச் சான்று வேண்டுமென்றால் மக்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுவார்கள். அது கணினி வழியாக என்னிடம் வரும். நான் விசாரித்துக் குறிப்பு எழுதினால் துணை வட்டாட்சியர் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். அந்தக் குறிப்பு எழுதும் கட்டம் திரையில் நாலு வரிகூட இருக்காது. ஒரு குடும்பம் யார் என்று அந்த நாலு வரியில் சொல்லிவிடலாம். யார் இல்லை என்றும் சொல்லிவிடலாம். இவ்வளவு பெரிய அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் முதுகலை வரலாறு படித்தவள். போட்டித் தேர்வுக்காகச் சோழர்களைக் கரைத்துக் குடித்தவள். அலுவலகத்தில் யாருக்காவது கல்வெட்டு, செப்பேடு என்று சந்தேகம் வந்தால் என் மேசைக்குத்தான் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

எங்கள் பக்கத்துச் சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்ச் சுவரில் குதிரைமேல் ஒரு ராஜா, ராஜாவுக்குப் பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட சங்கத் தலைவர். நாலு சுவர் தள்ளி இன்னொரு சாதிக்கு இன்னொரு ராஜா. சில சமயம் இரண்டு சாதிக்கும் ஒரே ராஜா. ஒட்டியவர்களுக்குள் அடிதடி நடந்து காவல் நிலையத்திலிருந்து நமக்குக் கடிதம் வரும். அந்த ராஜா இவர்களுடைய முப்பாட்டனிடம் வரி வாங்கியவனா, அடித்து வேலை வாங்கியவனா என்று ஒரு ஆள் கேட்க மாட்டான். வம்சம் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரு ஜூன் மாதம். பிளஸ் டூ முடிவுகள் வந்து சான்றிதழ் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்திருந்த நேரம். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வட்டத்தில் ஓர் ஆய்வாளர், தப்பான சாதிச் சான்றுக்குப் பரிந்துரை செய்தார் என்று தற்காலிகப் பணிநீக்கம் ஆகியிருந்தார். சந்தேகம் வந்தால் தள்ளிவிடு, கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதே என்பதுதான் மேசைக்கு மேசை பேச்சு.

அப்போது வந்தது ரேவதியின் விண்ணப்பம். முகத்துவாரக்குப்பத்துப் பெண். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியிருக்கிற மீனவர் குப்பம் அது. அப்பா காசிமேட்டு விசைப்படகில் ஆளாகப் போகிறவர். போனால் பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். அம்மா கன்னியம்மா மீன் விற்கிறவர். ரேவதிக்கு அரசு செவிலியர் கல்லூரியில் சேரும் அளவுக்கு மதிப்பெண் இருந்தது, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில். அவளுடைய பழைய சான்று, அவள் அப்பாவின் சான்று, எல்லாம் ஒரு மழை வெள்ளத்தில் ஊறி எழுத்தே இல்லாமல் போயிருந்தன. மிஞ்சியது அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் சாதி என்ற இடத்தில் 'செட்டியார்' என்று இருந்தது. அவள் கேட்டிருந்தது, அந்த ஒதுக்கீட்டில் வரும் 'மீனவர்' என்று. கலந்தாய்வுக்கான சான்றிதழ்களை ஏற்றுவதற்கு அப்போது மூன்று நாள்தான் இருந்தது.

இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பத்தோடு கூடுதல் ஆதாரம் என்று ஒரு புத்தகத்தின் சில பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். அது அவர்களுடைய சங்கம் போட்ட சின்னப் புத்தகம். சோழர் கடற்படைக்குத் தளபதிகளைத் தந்த குலம் எங்களுடையது, கடல் கடந்து வணிகம் செய்து ராஜாவிடம் செட்டிப் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள், மீன்பிடிப்பது பஞ்சத்தில் வந்து ஒட்டிக்கொண்ட தொழிலே தவிரக் குலத்தொழில் கிடையாது என்று அதில் எழுதியிருந்தது.

நான் அதை ஆசை ஆசையாகப் படித்தேன். என் பாடமாயிற்றே. வணிகக் குழுக்கள், பட்டங்கள், கடல் கடந்த படையெடுப்பு, எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. படித்து முடித்ததும் எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. பள்ளிச் சான்றிதழில் செட்டியார். அவர்களே கொடுத்த புத்தகத்திலும் வணிகச் செட்டி, மீன்பிடிப்பவர் அல்ல. இரண்டும் பொருந்துகிறது. இதைவிட என்ன வேண்டும்? கட்டத்தில் தட்டினேன். 'மனுதாரர் சமர்ப்பித்த ஆவணங்களின்படியே இவர் வணிகச் செட்டியார் வகுப்பினர் எனத் தெரியவருகிறது. மீனவர் எனக் கோருவது ஏற்கத்தக்கதல்ல.' எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மா வந்தார். மீனை விற்று முடித்த கையோடு, ஈரப் புடவையோடு, அலுமினிய அன்னக்கூடையை வாசலில் வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். பக்கத்து மேசைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மேடம், என் பொண்ணுக்கு மீனவர் இல்லன்னு எழுதிட்டீங்களாம். கம்ப்யூட்டர் கடையில சொன்னாங்க. அப்ப நான் யாரு?"

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். "நீங்களே கொடுத்த புத்தகம்தாம்மா. அதில் போட்டிருக்கிறதைத்தான் எழுதியிருக்கிறேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல இன்னா கீது?"

படித்துக் காட்டினேன். தளபதி, கப்பல், வணிகம் எல்லாவற்றையும். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசி வரை கேட்டார்.

"கப்பல்ல போனோமா? எங்க மாமனாரு கட்டுமரத்துல போயி கை வெறச்சிப்போயி வருவாரு. கஞ்சி குடிக்க கரண்டி புடிக்க முடியாது. அவுரு தளபதியா?"

"அப்புறம் ஏன்மா பள்ளிக்கூடத்தில் செட்டியார் என்று கொடுத்தார்கள்?"

"ஊர்ப் பஞ்சாயத்துல பேசுறவர அப்டித்தான் கூப்புடுவாங்க. அது ஒரு மரியாதி. மரியாதிக்குக் கூப்ட்டா சாதி மாறிப்பூடுமா? உன்ன இங்க எல்லாரும் மேடம், மேடம்னு கூப்புடுறாங்கோ. நீ இன்னா வெள்ளக்காரிச்சியா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியில் எல்லாமே இருந்தது. பதில் எனக்குத் தெரியாமலும் இல்லை. ஆனாலும் பணிநீக்கமான அந்த ஆய்வாளரின் முகம்தான் கண் முன்னால் வந்தது. நான் கறாராக, "கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்" என்றேன். நம் துறையில் இதைவிடக் கோழைத்தனமான வாக்கியம் கிடையாது. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"யாரோ ஒரு ராஜா செட்டின்னானாம். நீ இப்ப மீனவர் இல்லன்ற. எங்கள யாராச்சும் கேட்டீங்களா?"

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சத்தம் உள் அறையில் இருந்த துணை வட்டாட்சியருக்குக் கேட்டிருக்கிறது. வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்திருந்தார். சாதாரணமாக அலுவலகத் தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். என்னைக் கூப்பிட்டு, இன்னும் தன் முடிவுக்காகக் காத்திருந்த என் குறிப்பை எனக்கே சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்த வூட்டுக்குப் போனியா?"

"இல்லை மேடம். ஆவணங்கள் தெளிவாக இருந்தன. சோழர் காலத்தில் செட்டி என்ற பட்டம்..."

"சோழர் காலம் இருக்கட்டும். உன் சோழரு கல்வெட்டுல எங்க ஜனத்துக்கும் ஒரு பேரு வெச்சிக்கீறான், தெரியும்ல? சேரின்னு தனியா கோடு போட்டு வெச்சான். வரி போடறதுக்கும் தள்ளி வெக்கறதுக்கும் போட்ட கோடு அது. அத்தயும் பெருமைன்னு புக்கு போட்டுட்டு வந்து குடுத்தா நீ வாங்கி ஃபைல்ல வெப்பியா?"

முதுகலையில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்திருக்கலாம், நான் மதிப்பெண்ணுக்குப் படித்ததில் காதில் விழாமல் போயிருக்கும்.

பிள்ளைகளே, இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேரரசு என்றால் முதலில் ஒரு பட்டியல். தறி வைத்திருப்பவனுக்குத் தறி இறை என்று ஒரு வரி, செக்கு வைத்திருப்பவனுக்குச் செக்கு இறை. எண்ண வேண்டுமென்றால் பெயர் வேண்டும். நேற்றுவரை ஒரே கரையில் இருந்தவர்களை இவன் இன்னது கொடுப்பவன், இவன் படைக்கு வருபவன், இவன் ஊருக்கு வெளியே இருப்பவன் என்று பிரித்து எழுதினார்கள். பாரசீகப் பேரரசர்களின் மாளிகைப் படிக்கட்டுச் சுவரைப் படத்தில் பாருங்கள். கப்பம் கொண்டுவரும் ஒவ்வோர் இனத்தாரையும் அவரவர் உடையோடும் கையில் உள்ள பொருளோடும் வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். நீ யார் என்பது நீ எனக்கு என்ன கொண்டுவந்து வைக்கிறாய் என்பதுதான். அரசு போய்விடும், பட்டியல் போகாது. நாலு தலைமுறை கழித்து அந்தப் பெயருக்காகப் பேரப்பிள்ளைகள் அரிவாளை எடுப்பார்கள். வெள்ளைக்காரன் வந்து அதே பட்டியலை மை போட்டு அழுத்தி எழுதினான். இன்றைக்கு அந்தப் பட்டியல் நம் மேசையில் இருக்கிறது. இப்போது அதை வைத்துத்தான் அன்றைக்கு அமுக்கப்பட்டவர்களுக்கு ஒரு நாற்காலியாவது கிடைக்கிறது; அதனால் தூக்கி எறியவும் முடியாது. அப்படியென்றால் அதைக் கையில் வைத்திருப்பவருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

மறுநாள் காலையில் முகத்துவாரக்குப்பம் போனேன். அலுவலகத்திலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குப்பத்து நுழைவில் ஒருவர் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் செட்டியார் வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் செட்டியாரு? இங்க அஞ்சாறு பேரு கீறாங்க. ஐஸ் வண்டி செட்டியாரா, நண்டு செட்டியாரா?"

என் முதுகலையும் சோழர்களும் அந்த இடத்திலேயே மணலில் விழுந்தன. நண்டு பிடிக்கிறவர் செட்டியார். ஐஸ் வண்டி தள்ளுகிறவர் செட்டியார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஷேர் ஆட்டோ போதுமானதாக இருந்திருக்கிறது.

கன்னியம்மா வியாபாரத்துக்குப் போயிருந்தார். ரேவதிதான் இருந்தாள். ஒல்லியான பெண். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் ஏதும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அந்தப் புக்க நான்தான் வெச்சேன் மேடம். அம்மாவுக்குத் தெரியாது. சங்கத்துல எல்லாருக்கும் குடுத்தாங்க, வெச்சா கெத்தா இருக்கும்னாங்க. எங்க பாடத்துல சோழர் கப்பல் படையெல்லாம் வந்துச்சு. அத்த ஓட்டுனவங்க யாருன்னு ஒரு வரி இல்ல. இந்தப் புக்குல நாங்க இருந்தோம். அதான்."

பதினேழு வயதுப் பெண் தன்னை ஒரு புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்த சந்தோஷத்தில் நாலு பக்கம் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அதை எடுத்து நான் அவள் கழுத்துக்கே சுருக்காகப் போட்டிருக்கிறேன். இதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஊர்ப் பஞ்சாயத்தில் கையெழுத்து வாங்கி, மதியத்துக்குள் புதிய அறிக்கை எழுதிவிட்டேன். துணை வட்டாட்சியர் அன்றே ஒப்புதல் கொடுத்தார். ஆனால் சான்றிதழ்களை ஏற்றுவதற்கான நேரம் முந்தின நாள் மாலையோடு முடிந்திருந்தது. கன்னியம்மா என் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே நான் எழுந்து போயிருந்தால் நேரம் இருந்திருக்கும். கலந்தாய்வு நடத்துகிறவர்களுக்கு நான் போன் போட்டுக் கெஞ்சினேன். துணை வட்டாட்சியர் கடிதம் எழுதினார். திறக்க முடியாது, கணினி மூடிவிட்டது என்று பதில் வந்தது. ரேவதியைப் பொதுப் பிரிவில் வைத்தார்கள். அங்கே அவள் மதிப்பெண்ணுக்கு இடம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சங்கத் தலைவர் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்தார். கையில் சால்வையும் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் இருந்தன. ரேவதி விஷயத்தைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். "வருத்தம்தான் மேடம். அதுக்காக வம்சப் பெருமைய வுட்டுக் குடுக்க முடியுமா?" என்றார்.

எனக்கு என்னவோ பொறி தட்டியது. அவர் உட்கார்ந்திருக்கும்போதே கணினியில் தேடினேன். முந்தைய ஆண்டு அவருடைய மகன் விண்ணப்பித்திருந்தான். மீனவர் என்று. நானே பரிந்துரைத்திருந்தேன். ஆதாரங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. புத்தகத்தின் ஒரு பக்கம்கூட அதில் இல்லை.

"உங்கள் மகன் விண்ணப்பத்தில் ஏன் சார் இந்தப் புத்தகத்தை வைக்கவில்லை?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது ஆபீஸ் விஷயம் மேடம். இது வரலாறு."

சால்வையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வெளியே போங்கள் என்றேன். என் பணிக்காலத்தில் ஒருவரை அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான். புகார் எழுதினார். விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். தன் பிள்ளைக்கு ஒதுக்கீடும் ஊரார் பிள்ளைகளுக்கு ராஜாவும் கொடுக்கிறவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் மேசைக்கும் வருவார்கள். ஆனால் அவரைத் திட்டுவதால் என் கணக்குத் தீர்ந்துவிடாது. அவர் எழுதியது புத்தகத்தில்தான். அதைக் கோப்பில் எழுதியது நான்.

ஒப்புதலான சான்றை இப்போதெல்லாம் அவரவரே கணினியில் எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் நான் நல்ல தாளில் அச்செடுத்து, உறையில் போட்டு வைத்துக்கொண்டு ரேவதியை வரச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. டோல்கேட் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், கடையின் பெயர் போட்ட சேலையிலேயே வந்தாள். அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம், நானே கூட வருகிறேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, இனிமேல் கடலுக்குப் போக மாட்டார் என்றாள். பிறகு உறையைப் பிரித்து நின்றபடியே படித்தாள். அவள் பெயர், அப்பா பெயர், மீனவர். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி பத்தாவது படிக்கிறான் மேடம். இதுல என் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டுக் குடுக்க முடியுமா?"

ஒருவர் சான்றை இன்னொருவர் பெயருக்கு மாற்ற விதியில் இடமில்லை. அவன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.